பருத்திக்கொட்டைக் கணக்கு

ஆபீஸில் தாளின் இரண்டு பக்கமும் எழுதச் சொல்கிற முதலாளி, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தொழுவத்தில் மட்டும் ராத்திரி முழுக்க மின்விசிறியை ஓடவிடுகிறார் என்றால் சந்தேகமே வேண்டாம். அவர் பந்தய மாடு வைத்திருக்கிறார். சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்தில் பட்டாசு ஆலைக்காரர், அச்சகக்காரர், தீப்பெட்டிக்காரர், பருப்பு மண்டிக்காரர் என்று தொழில் பலவாக இருக்கலாம். இந்தக் கிறுக்கு பிடித்துவிட்டால் எல்லோரும் ஒரே சாதி: மாட்டுக்கார அண்ணாச்சி.

இந்தக் கிறுக்கு இந்த மண்ணில் முளைத்ததுதான் அதிசயம். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறிப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்ததிலிருந்து, இங்கே எதுவும் வீணானதில்லை. அச்சகத்தில் வெட்டிப் போடும் காகித ஓரம் எடைக்குப் போகும். பழைய பேப்பர் வெடிக்குக் குழாயாகும். ஒடிந்த தீக்குச்சி அடுப்புக்குப் போகும். அப்படிப்பட்ட ஊரில், ஒரு கட்டு நூல் குறைந்தாலும் ஸ்டோர் கீப்பரை நிற்கவைத்துக் கேள்வி கேட்கும் அண்ணாச்சி, மாட்டுச் செலவு எவ்வளவு என்று கேட்டால் மட்டும் "இருக்கும்" என்பார். எவ்வளவு இருக்கும்? "இருக்கும்ப்பா."

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. கடல் இருக்கிற தேசத்துப் பணக்காரர்கள் இதே சீக்குக்குப் பெரிய பாய்மரப் படகு வாங்குகிறார்கள். வாங்கிய மறுநாளிலிருந்து உப்புத் தண்ணீர் அதை அரிக்கத் தொடங்கும். அடியில் சிப்பியும் பாசியும் ஒட்டும். கரையேற்றிச் சுரண்டி வர்ணம் அடிக்க வேண்டும். பாய் கிழியும், கயிறு நையும், நிறுத்தி வைக்க வாடகை, ஓட்டுவதற்கு ஆள்படை. நம் சென்னைத் துறைமுகத்துக்குள்ளேயே 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. ஆனாலும் இந்த வகையறாவுக்கெல்லாம் பெரிய அண்ணாச்சி என்றால் சர் தாமஸ் லிப்டன்தான். கிளாஸ்கோவில் மளிகைக் கடை வைத்து முன்னுக்கு வந்து, இலங்கை மலையில் தேயிலைத் தோட்டம் வாங்கி, உலகத்துக்கே டீத்தூள் விற்ற மனிதர். 'அமெரிக்கா கோப்பை'யைப் பிடிக்க 1899 முதல் 1930 வரை 'ஷாம்ராக்' என்ற ஒரே பெயரில் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து படகு இறக்கினார். ஐந்தும் தோற்றன. நம் அண்ணாச்சிக்கு லிப்டனைத் தெரியாது, டீயைத் தெரியும். தெரிந்திருந்தால் ஆபீஸ் சுவரில் அய்ய நாடார் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்திருப்பார்.

மாடு வாங்குவதிலிருந்து பார்ப்போம். அதை 'வாங்குவது' என்று சொன்னால் அண்ணாச்சிக்குக் கோபம் வரும், மாடு 'பிடிப்பது'. சித்திரையில் காங்கேயம் பக்கம் கண்ணபுரம், ஆடியில் அந்தியூர். சந்தையில் துண்டைப் போட்டு, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசும் தரகர்கள் இவரைத் தூரத்தில் பார்த்ததுமே இரண்டு விரலை அதிகமாக நீட்டத் தயாராகிவிடுவார்கள். பல்லைப் பிடித்துப் பார்ப்பார், குளம்பைத் தட்டிப் பார்ப்பார், பிறகு சுழி. கோபுரச் சுழி இருந்தால் குடும்பம் உயரும். விலங்குச் சுழி இருந்தால் உடையவன் கம்பி எண்ணுவான். பாடைச் சுழியைப் பற்றிப் பேச்சே வேண்டாம். வெடிமருந்து லைசென்ஸ் வைத்துத் தொழில் செய்கிறவருக்கு விலங்குச் சுழி என்றால் வயிறு கலங்குமா, கலங்காதா? மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது ஜாதகத்தை ஜோசியரிடம் கொடுத்துவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்தான். மாட்டின் முதுகை மட்டும் டார்ச் அடித்து, கண்ணாடியைத் துடைத்து, மயிர் மயிராகத் தானே பார்த்தார்.

ஓடப்போவது வண்டிப் பந்தயம், அதனால் ஒரு மாடு போதாது, சோடி வேண்டும். சோடி சேர்ந்தால் அது எந்த வகுப்பு என்று தீர்மானமாக வேண்டும். பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு, தட்டான்சிட்டு என்று பள்ளிக்கூடத்தில் இல்லாத வகுப்பெல்லாம் பந்தயத்தில் உண்டு. நடு மாட்டில் ஓடுகிற சோடியை வைத்திருப்பவர், பெரிய மாடு வைத்திருப்பவர் வீட்டுக் கல்யாணத்தில் கொஞ்சம் ஓரமாகத்தான் உட்காருவார்.

இனி சாப்பாடு. காலையில் ஊறவைத்து ஆட்டிய பருத்திக்கொட்டை, உளுந்து, தவிடு. பந்தயம் நெருங்கினால் நாட்டுக்கோழி முட்டை, பேரீச்சம்பழம். அண்ணாச்சிக்குச் சர்க்கரை வியாதி வந்ததிலிருந்து அந்த வீட்டில் இனிப்புச் சாப்பிடுவது மாடு மட்டும்தான். விடியுமுன் கண்மாய்க் கரையில் நடை. கண்மாயில் தண்ணீர் கிடந்தால் நீச்சல், கிடக்காத வருஷம் ஆற்று மணலில் ஏர் பூட்டி உழவு. வைப்பாற்றில் எந்த வருஷமும் மணலுக்குப் பஞ்சமில்லை என்பதால் பயிற்சி தடைபடுவதில்லை. டாக்டர் அண்ணாச்சியைத் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். அவருக்குப் பதிலாகத்தான் மாடு நடக்கிறதே!

"மாட்டுக்கு எண்ணெய் தேச்சு வெந்நி ஊத்த ரெண்டு ஆளு. எனக்கு முதுகு தேய்க்க ஒரு ஆளு உண்டா? அடுத்த சென்மத்துல உங்க தொழுவத்துல வந்து பொறந்துக்கிறேன்" என்பார் வீட்டுக்காரம்மா.

"சுழி நல்லா இருந்தா பாப்போம்" என்பார் அண்ணாச்சி.

அண்ணாச்சியின் உண்மையான சோதனை தீபாவளி அன்று வரும். காஷ்மீர் வரைக்கும் சரக்கு அனுப்புகிறவர். பெட்டிமேல் ஒட்டுகிற லேபிளில் கூடத் தன் சோடியின் படத்தை அச்சடித்து, 'ஜல்லிக்கட்டு வெடி' என்று பெயர் வைத்தவர். ஆனால் அவர் தெருவில் ஒரு குருவி வெடி வெடிக்கக் கூடாது. மாடு மிரளும். விடியற்காலையில் கையில் ஊதுபத்தியோடு வாசலுக்கு வருகிற பிள்ளைகளை அவரே எதிர்கொண்டு, ஆளுக்கொரு பெட்டி கம்பி மத்தாப்பு கொடுத்து, "மெயின் ரோட்டுல போயி வெடிங்கப்பா, புண்ணியமாப் போவும்" என்று கெஞ்சுவார். சத்தமில்லாத தீபாவளி வேண்டும் என்று நாட்டில் யார் யாரோ கேட்டார்கள். அதைத் தன் தெருவில் நடத்திக் காட்டியவர் ஒரு பட்டாசு முதலாளி.

டெல்லியிலிருந்து அவருக்கு இரண்டு பக்கமும் இடி விழுந்தது. 2014 மே மாதம் சுப்ரீம் கோர்ட் ஜல்லிக்கட்டோடு மாட்டு வண்டிப் பந்தயத்தையும் நிறுத்தியது. 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் கூடிச் சட்டம் திருத்தப்படும் வரை, தொழுவத்தில் இருந்த சோடி ஓடாமலே சாப்பிட்டது. ஓடுகிற காலத்தைவிட நன்றாகவே சாப்பிட்டது. மனம் உடைந்துவிடக் கூடாது பாருங்கள். 2018 அக்டோபரில் பட்டாசுக்குத் தீர்ப்பு வந்தது: பசுமைப் பட்டாசுதான் தயாரிக்கலாம், தீபாவளிக்கு இரண்டு மணி நேரம்தான் வெடிக்கலாம். ஒரு வழக்கு வருமானத்தைப் பற்றியது, இன்னொன்று செலவைப் பற்றியது. இரண்டில் எதற்காக அண்ணாச்சி அதிகம் தூக்கம் கெட்டார் என்று அவருடைய வக்கீலைக் கேட்டால் சிரிப்பார். 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்ன அன்று ஆலையில் எல்லோருக்கும் லட்டு. மாட்டுக்குத் தனியாக எடுத்து வைத்த பிறகு.

கோயில் கொடைக்குப் பந்தயம் வைத்த ஒரு கிராமத்தில் அவரைப் பார்க்க வேண்டும். காலை ஏழு மணி. ரோட்டின் இரண்டு பக்கமும் வேலிக்கருவை, அதற்கு மேலே மனுஷத் தலை. வண்டிகள் வரிசையில் நிற்கின்றன. போக வர எட்டு மைல். மைக்காரர் மாட்டின் பெயரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, அண்ணாச்சியின் தகப்பனார் பெயரைச் சொல்லி, கம்பெனிப் பெயரைச் சொல்லி, அதன் கிளைகளைச் சொல்லி முடிப்பதற்குள் மாடு கழுத்தை ஆட்டி நுகத்தடியை நெருக்குகிறது. வெள்ளைத் துண்டு கீழே இறங்கியதும் பத்து வண்டி ஒன்றாகப் பாய்கிறது. சாரதி வண்டியில் எழுந்து நின்று கயிற்றைச் சுண்டுகிறார். துணைச் சாரதி மாட்டுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறார். பின்னால் ஐம்பது அறுபது மோட்டார் பைக். அதற்கும் பின்னால் ஒரு குட்டியானை. அதில் கம்பியைப் பிடித்தபடி அண்ணாச்சி. இத்தனை லட்சம் கொட்டிய மனிதருக்குப் பந்தயத்தில் தெரிவது புழுதி மட்டும்தான். முன்னால் போகிற பையன் போனில் சொல்லச் சொல்லத்தான் தன் மாடு எங்கே ஓடுகிறது என்று தெரியும்.

"அண்ணாச்சி, எல்லைல கொடி நம்மளுது!"

அந்த ஒரு வரிக்காகத்தான் ஒரு வருஷப் பருத்திக்கொட்டை.

ஜெயித்தால் பரிசுப் பணம் சாரதிக்கு, துணைச் சாரதிக்கு, மாட்டுக்காரப் பையன்களுக்கு, கூட வந்த நாலு வண்டி ஆளுக்குப் பிரியாணிக்கு என்று மத்தியானத்துக்குள் கரையும். மிச்சம் ஒரு குத்துவிளக்கு. வீட்டில் வரிசையாக நிற்கும் குத்துவிளக்கைத் துலக்குகிற வேலைக்காரம்மா மட்டும், இந்த மாடு ஒரு தடவையாவது தோற்கக் கூடாதா என்று இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்திருக்கிறாராம்.

மாரியம்மன் காது கேட்பவள். மாடு தோற்கவும் செய்யும். தோற்றது என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். லாடம் கழன்றது. தார் ரோடு காய்ந்துவிட்டது. பக்கத்து வண்டிக்காரன் ஓரம் கட்டினான். புது அச்சு, கிரீஸ் பத்தவில்லை. முந்தின நாள் தொழுவத்துக்கு வந்த மச்சினன் கண் சரியில்லை. வலத்து மாடு நல்லாத்தான் இழுத்தது, இடத்து மாட்டுக்கு மனசு சரியில்லை. சாரதிக்குக் கல்யாணம் ஆகி ஒரு வாரம்தான் ஆகிறது. ராத்திரி பத்து மணிவரை திண்ணையில் இந்த விசாரணை நடக்கும். பேசிப் பேசி, கடைசியில் தோற்றது ஜெயித்த மாடுதான் என்கிற இடத்துக்கு வந்து சேர்ந்த பிறகே சாப்பிடப் போவார்கள்.

மார்ச் மாதம் வந்தால் ஆடிட்டர் வருவார். கந்தகம், அலுமினியப் பவுடர் பில்லுக்கு நடுவே பருத்திக்கொட்டை பில்லைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றுவார்.

"அண்ணாச்சி, பருத்திக்கொட்டைய எந்த வெடிக்குப் போடுறீங்க?"

"வெளம்பரச் செலவுன்னு எழுதுங்க. மைக்குல கம்பெனி பேரு சொல்றான்ல?"

"தோத்துப் போனா?"

"தோத்தாலும் ஆரம்பத்துல சொல்லிருவான்ல, ஐயா!"

சிரிக்க வேண்டாம். ஐந்து தடவை தோற்று, ஐந்து தடவையும் முகம் கோணாமல் கைகுலுக்கிய லிப்டனைத்தான் அமெரிக்காக்காரர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கடைசியில் அவர்களே காசு வசூலித்து அவருக்கென்று ஒரு தங்கக் கோப்பை செய்து கொடுத்தார்கள். டீயும் விற்றது. ஆனால் இந்தச் சமாதானம் ஆடிட்டருக்காக மட்டும். அது விளம்பரம் இல்லை என்பது அண்ணாச்சிக்குத் தெரியும். பொழுதுக்கும் கிராமிலும் குரோஸிலும் கணக்குப் பார்க்கிற மனுஷனுக்குக் கணக்குப் பார்க்காத ஒரு இடம் வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் ஒரு சோடி மாட்டைக் கட்டிவைத்திருக்கிறார்.

கோயம்புத்தூரில் நிர்வாகம் படித்துவிட்டு வந்த மகனுக்கு இது விளங்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து, போட்ட முதல், வந்த வரவு, ஒரு மைலுக்கு ஆன செலவு என்று கட்டம் கட்டிக் காட்டி, மாட்டைக் கொடுத்துவிடலாம் என்றார். அண்ணாச்சி மறுபேச்சுப் பேசவில்லை. "சரி தம்பி, கடைசியா ஒரு பந்தயத்துக்கு நீயே மாட்டக் கொண்டு போயிட்டு வந்துரு" என்றார். போனார். மைக்காரர் 'இளைய முதலாளி' என்று மூன்று தரம் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார். எல்லையில் கொடியும் கிடைத்தது.

மகன் இப்போது பூஞ்சிட்டுக்குத் தனியாக ஒரு சோடி தேடிக்கொண்டிருக்கிறார். ஆடிட்டர் பருத்திக்கொட்டைக்கு இன்னொரு தலைப்புத் தேடிக்கொண்டிருக்கிறார்.