சுவர் தரிசனம்

கிளென்மார்கனுக்கு வருகிறவர்கள் தேயிலைச் சரிவையும் கீழே சிங்காரா பள்ளத்தாக்கையும் பார்த்துப் பொழுதை வீணாக்குவார்கள். நண்பர்கள் இருவர் அப்படியல்ல. டீக்கடையின் காரை பெயர்ந்த செங்கல் சுவரைக் கண்டதும் லென்ஸ்களைச் சோதிக்க ட்ரைபாடை விரித்தார்கள். ஒருவரிடம் எஃப் 1.2, மற்றவரிடம் எஃப் 1.4. வெளிச்சத்தில் அரை ஸ்டாப்கூட வித்தியாசமில்லை. விலையில் ஒரு பைக் வித்தியாசம்.

1975-இல் வந்த ‘பாரி லிண்டன்’ படத்தில் இயக்குநர் குப்ரிக் ஸைஸ் நிறுவனத்தின் எஃப் 0.7 லென்ஸை வைத்து மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் முகங்களை எடுத்தார். பாவம், நல்ல சுவர் அமையவில்லை.

“உன் செங்கல் மஞ்சளடிக்குதுடா.”

“அது வார்ம் டோன். உன்னுதுல கான்ட்ராஸ்ட்டே இல்ல.”

“சுவரு விலைக்கு இல்லீங்க தம்பி” என்றார் டீக்கடை அக்கா.

ஒருமுறை மூடுபனி விலகி, முதுமலைக் காடு வெயிலில் பளிச்சிட்டது. வெளிச்சம் மாறினால் சோதனை கெடுமே! இருவரும் லென்ஸை மூடிவிட்டு, காடு மறையும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்கள். ஒழுக்கம் என்றால் இது.

மாலையில் எஃப் 1.2 வென்றது. செங்கல்லின் சிவப்பை அச்சு அசலாகக் காட்டியதாம். வெற்றிப் படத்தை லென்ஸின் சொந்தக்காரர் அன்றிரவே இன்ஸ்டாகிராமில் போட்டார், கறுப்பு வெள்ளையில்.