சண்டைக்கு வராத ஒழுகல்

மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்தால் தெருவே விழித்துக்கொள்ளும். கீரை வாங்கிக்கொண்டிருப்பவர் அண்ணாந்து பார்த்து, “மேல தண்ணி போகுது, மோட்டாரை நிறுத்துங்க!” என்று குரல் கொடுப்பார். அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கூட இதற்கு மட்டும் விரதத்தை முறிப்பார். கழிப்பறையில் ஃப்ளஷ் டேங்க் மாதக்கணக்கில் ஒழுகினாலோ ஒருவரும் மூச்சு விடுவதில்லை. இதைச் சோம்பல் என்பது வீண்பழி. குற்றம் டேங்கின் அமைப்பில் இருக்கிறது. உள்ளே நிற்கும் ஓவர்ஃப்ளோ குழாய், மிஞ்சிய தண்ணீரைச் சத்தமில்லாமல் கோப்பைக்குள்ளேயே இறக்கிவிடுகிறது. சுவரில் ஓதமில்லை, தரையில் ஈரமில்லை, கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து கத்த வழியில்லை. யாரும் சண்டைக்கு வராதவரை அது நமக்குப் பழுதே அல்ல.

பிரிட்டனில் இந்த மனித சுபாவத்தை நம்பாமல் விதி வகுத்திருந்தார்கள். டேங்கின் அடியில் வாஷர் வைத்த வால்வு கூடாது, சைஃபன்தான் வேண்டும் என்றார்கள். சைஃபனில் தண்ணீர் மேலேறி வளைந்துதான் இறங்க வேண்டும். நீர்மட்டத்துக்குக் கீழே ஒழுக வழியே கிடையாது. மிதவை வைத்த பால் காக் கெட்டுத் தண்ணீர் ஏறினால், வெளிச்சுவரில் நீட்டியிருக்கும் குழாய் போகிறவர் வருகிறவர் தலையில் சொட்டி வீட்டுக்காரரின் மானத்தை வாங்கும். அருமையான ஏற்பாடு. 1999-இல் விதியைத் தளர்த்தி, 2001 முதல் அடி வால்வையும் அனுமதித்தார்கள். இப்போது அங்கேயும் டேங்குகள் கமுக்கமாக ஒழுகுகின்றன.

“நூல் மாதிரி ஓடுது, அதுக்குப்போய் இவ்வளவா?” என்பார்கள். அந்த நூல் நிமிடத்துக்கு 100 மில்லி என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 144 லிட்டர். 2019 ஜூலையில், தண்ணீர்ப் பஞ்சத்தில், சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். இப்படி ஒழுகும் டேங்குகள் பதினேழாயிரத்துச் சொச்சம் இருந்தால், அந்த ரயிலை ஒரே நாளில் குடித்துவிடும். சென்னையில் அத்தனை டேங்க் தேறாதா என்ன?

டேங்குக்குத் தண்ணீர் விடும் ஆங்கிள் காக்கை மூடிவைத்து, வேண்டும்போது திறந்தால் போதாதா என்று கேட்கலாம். போதும், வீட்டுக்கு விருந்தாளியே வராவிட்டால். தவிர, எப்போதாவது திருகுவதற்கென்று செய்த அந்தக் குழாயைத் தினமும் பத்து முறை திருகினால் அதுவும் ஒழுகும். நல்லவேளையாக அது தரையில் ஒழுகுவதால் உடனே சரிசெய்துவிடுவோம். டேங்க் ஒழுகலை நிறுத்தும் இவ்வளவு சின்ன வேலைக்கு பிளம்பர் வரமாட்டார் என்பது நியாயமான ஆட்சேபம். வந்தால் ‘செட்டையே மாத்திடலாம் சார்’ என்பார். ஆகவே மூடியை நாமே தூக்கிப் பார்ப்பதுதான் வழி. ஓவர்ஃப்ளோ குழாயின் வாய்வரை தண்ணீர் நின்றால் கோளாறு பால் காக்கில்; முதலில் மிதவையைக் கொஞ்சம் இறக்கிப் பார்க்கலாம். மட்டம் சரியாக இருந்தும் சந்தேகம் தீராவிட்டால், டேங்கில் கேசரிப் பவுடரைக் கலந்து, அரைமணி நேரம் யாரையும் உள்ளே விடாமல் காவல் இருக்க வேண்டும். கோப்பையில் ஆரஞ்சு நிறம் தெரிந்தால் அடி வாஷர்தான் குற்றவாளி. பெரும்பாலும் போர் தண்ணீரின் உப்பு படிந்திருக்கும். தேய்த்துக் கழுவினாலே பாதி வாஷர்கள் திருந்திவிடும். கேசரிப் பவுடர் டப்பாவைச் சமையலறையிலிருந்து கழிப்பறைக்குக் கொண்டுபோக வீட்டில் சம்மதம் கேட்காதீர்கள். ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்து எடுத்துப்போவது உத்தமம்.