லிஃப்ட் பம்ப் பிரியர்

அமெரிக்காவின் டீசல் பிக்கப்காரர்களில் இவர் தனி ரகம். 1998 நடுவிலிருந்து 2002 வரை வந்த டாட்ஜ் ராம் ஒன்றை, அதிலிருக்கும் 5.9 லிட்டர், 24 வால்வு கம்மின்ஸ் என்ஜினுக்காகவே வைத்திருப்பார். என்ஜினுக்கு அழிவே இல்லை என்று ஊரெல்லாம் சொல்வார்; பம்ப் எந்த நிமிஷம் போகுமோ என்று அதே வாயால் புலம்புவார்.

புலம்பலில் நியாயம் உண்டு. இந்த என்ஜினில் இருப்பது போஷ் விபி44 இன்ஜெக்‌ஷன் பம்ப். அதற்கு மசகும் டீசல்தான், குளிர்ச்சியும் டீசல்தான். டேங்கிலிருந்து அதை ஏற்றித் தருவது என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் சிறிய மின்சார லிஃப்ட் பம்ப். அதற்குத் தள்ளத் தெரியும், இழுக்க வணங்காது. டேங்கோ எங்கோ பின்னால் கிடக்கிறது. லிஃப்ட் பம்ப் படுத்துவிட்டாலும் வண்டி ஓடும். விபி44 தானே உறிஞ்சிக்கொண்டு அரைப்பட்டினியில் உழைத்து, பிறகு ஒரேயடியாகப் படுக்கும். அதை மாற்ற ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். எரிபொருள் அழுத்தம் காட்டும் மீட்டர் கம்பெனி வண்டியில் கிடையாது என்பதால் முன்னறிவிப்பும் இல்லை.

ஆகவே வெளிச்சந்தையில் கிடைக்கும் பெரிய லிஃப்ட் பம்ப்பை வாங்கி, டேங்கை ஒட்டி சேசிஸில் மாட்ட முடிவெடுக்கிறார். வீட்டில் விலை கேட்டால் சொல்லமாட்டார். எவ்வளவு மிச்சம் என்று மட்டும் சொல்வார்.

டேங்கின் மேல்புறத்தை எட்ட, டேங்கை இறக்குவதா, சரக்கேற்றும் பின்தொட்டியைத் தூக்குவதா என்பது அடுத்த பிரச்சினை. ஏறத்தாழ 130 லிட்டர் டேங்க் நிரம்பியிருந்தால் டீசல் மட்டும் நூறு கிலோவைத் தாண்டும். பார்சல் வருவதற்கு முந்தின நாள் டேங்கை நிரப்பி வைப்பது இந்த ரகத்தின் பிறவிக்குணம். எனவே தொட்டியைத் தூக்க நண்பர்கள் வருவார்கள். தூக்க இருவர், யோசனை சொல்ல நால்வர்.

பிளாஸ்டிக் டேங்கின் மேல்புறத்தில் துளை போட்டு உறிஞ்சுகுழாய் இறக்க வேண்டும். சீவல் உள்ளே விழாதிருக்க துளைவெட்டியில் கிரீஸ் தடவுவார். ஒரு துண்டு மட்டும் விழும். டார்ச்சும் இடுக்கியுமாக அதைப் பிடிப்பதற்குள் பொழுது சாயும். குழாயின் நுனியைச் சாய்வாக வெட்டி, டேங்கின் அடியிலிருந்து அரை அங்குலம்போல இடைவெளி விட வேண்டும். அதைவிடக் குட்டையாக வெட்டினால் கால் டேங்க் டீசல் இருக்கும்போதே வண்டி நின்றுபோகும். அப்படி நின்றால், கால் டேங்குக்குக் கீழே இறங்கவிடாமல் ஓட்டுவதே நல்ல பழக்கம் என்று கொள்கை வகுத்துக்கொள்வார்.

அரை அங்குல ஹோஸை சைலன்சர் குழாய்க்கும் புரொபெல்லர் ஷாஃப்டுக்கும் எட்டாமல் கட்டுகிறார். நெரிசல் பண்ணும் பழைய பேஞ்சோ போல்ட்களைக் கழற்றி எறிகிறார். பழைய பம்ப்பின் ஒயரை ரிலேக்குச் சைகை கொடுக்க மட்டும் வைத்துக்கொண்டு, கரண்டை ஃபியூஸ் வழியாக பேட்டரியிலிருந்தே இழுக்கிறார்.

ஸ்டார்ட் செய்தால் என்ஜின் திக்கித் திக்கி ஓடும். உடனே தரையில் படுத்து, டிஷ்யூ பேப்பரால் ஒவ்வொரு இணைப்பாகத் துடைத்து ஈரம் தேடுவார். ஒரு சொட்டுகூட இராது. டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவே ஓட்டை இருந்தால், வண்டி ஓடும்போது டீசல் வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். கிளாம்பை இன்னும் அரைச் சுற்று இறுக்கியதும் எல்லாம் சரியாகும். அந்த அரைச் சுற்றைத் தாம் முதலிலேயே சொன்னதாக நால்வரும் சாதிப்பார்கள்.

கடைசியாகக் கண்ணாடி ஓரத் தூணில் மீட்டர் ஏறுகிறது. முழு ஆக்சிலரேட்டரிலும் 10 பிஎஸ்ஐக்குக் கீழே போகாதிருந்தால் போதும். இவருக்கோ முள் 15-இலிருந்து 14-க்கு வந்தாலே வியர்க்கும். மீட்டர் இல்லாத காலத்தில் ரோட்டைப் பார்த்து ஓட்டியவர், இப்போது ரோட்டைப் பார்க்கும் வேலையைப் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் விட்டுவிடுகிறார்.

அத்தனை வசவு வாங்கிய பழைய லிஃப்ட் பம்ப்பை மட்டும் தூக்கிப் போடமாட்டார். வழியில் புதுசு காலை வாரிவிட்டால் வேண்டுமே என்று, துணியில் சுற்றி சீட்டுக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருப்பார்.