ஐந்து நிமிஷக்காரர்

திருவல்லிக்கேணிக்காரரிடம் எதற்கு வழி கேட்டாலும் "இதோ, அஞ்சு நிமிஷ நடை" என்பார். பார்த்தசாரதி கோயில், வாலாஜா மசூதி, ரத்னா கபே, பைகிராப்ட்ஸ் ரோட்டுப் பழைய புத்தகக் கடை எல்லாமே அஞ்சு நிமிஷம்தான். (அந்த ரோடு பாரதி சாலையாகி எத்தனையோ வருஷமாயிற்று, அவர் வாயில் இன்னும் ஆகவில்லை.) மெரினாவும் அஞ்சு நிமிஷம். கடைசியாக எப்போது போனீர்கள் என்று மட்டும் கேட்கக்கூடாது. மாசி மகத்துக்குப் பெருமாளே கடலுக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி கண்டு திரும்புகிறார். இவர் வாசலில் சேவித்து வழியனுப்புவதோடு சரி. வெளியூர் விருந்தாளி வந்தால் மட்டும், தாமே வெட்டிய குளத்தைக் காட்டுகிறவர்போல் கடலைக் காட்டி மிளகாய் பஜ்ஜி வாங்கித் தருவார்.

போகாத கடலுக்கு என்ன பெருமை, சோம்பேறித்தனம்தானே என்பார்கள். அநியாயம். மனிதர் நாளெல்லாம் நடக்கிறார். கடல்வரை போய்ச் சேரவிடாமல் நடுவில் ஊர் மறிக்கிறது. ஜாம்பஜாரில் கத்தரிக்காய்க்குப் பேரம், மேன்ஷன் வாசலில் தென்மாவட்டத்துப் பையனிடம் மழை விசாரணை, மசூதிப் பக்கத்து அத்தர்க்கடைக்காரரிடம் கிரிக்கெட். 1795இல் எழுந்த அந்த மசூதியில் ரம்ஜான் நோன்பு திறக்க வருகிறவர்களுக்கு உணவு பரிமாறுகிறவர்கள் சிந்தி இந்துக்கள். இதெல்லாம் நடக்கிறவன் கண்ணில்தான் படும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடல் பார்த்த பால்கனிக்குக் கோடி கொடுத்தவருக்குக் கடல் தெரிகிறது, கறிவேப்பிலைக்குக் கார் எடுக்க வேண்டியிருக்கிறது. திருவல்லிக்கேணியில் நெரிசல், சாக்கடை, மாடு, வண்டி நிறுத்த இடமில்லை என்று குறை சொன்னால் எல்லாம் உண்மைதான். ஆனால் வண்டி நிறுத்த இடமில்லாத ஊரில்தான் நடை பிழைத்திருக்கிறது. அவரிடம் நிஜமான கோளாறு வேறு. "எல்லா ஜனமும் இருக்கிற பேட்டை சார்" என்று மார்தட்டுவார். அவர் வீட்டு வாசலிலேயே 'சைவக் குடும்பத்துக்கு மட்டும்' என்று அட்டை தொங்கும். அவர் சொல்லும் எல்லா ஜனமும் தெருவோடு சரி, மாடிப் போர்ஷன்வரை ஏறாது.

எல்லாம் நடை தூரத்தில் இருப்பது பட்டணத்தின் அதிர்ஷ்டம், கிராமத்தில் நடக்குமா என்று இன்னொரு ஆட்சேபம். பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடும் திருமுக்கூடலுக்குப் போய்ப் பார்க்கலாம். அங்கே வெங்கடேசப் பெருமாள் கோயிலில், 11ஆம் நூற்றாண்டு வீரராஜேந்திர சோழன் கல்வெட்டு இருக்கிறது. கோயிலை ஒட்டியே கல்லூரி, மாணவர் விடுதி, 15 படுக்கையுள்ள ஆதுலசாலை, மருத்துவர், மருந்துச் செலவு என்று ஒன்றுவிடாமல் அதில் கணக்கு வெட்டியிருக்கிறார்கள். இன்று அதே ஊர்க்காரர் பெரிய வைத்தியமென்றால் பஸ் ஏற வேண்டும். அருகாமை என்பது கடலோ பட்டணமோ தருவதல்ல. வேண்டியதையெல்லாம் பக்கத்தில் வைக்க யாரோ ஒருவர் மெனக்கெட்டிருக்க வேண்டும். ஆகவே, புதிதாக நகர் போடுகிறவர்கள் திருவல்லிக்கேணிக்காரரிடம் தாராளமாக யோசனை கேட்கலாம். வாடகைக்கு வீடு மட்டும் கேட்க வேண்டாம்.