துப்பாக்கிப் பரீட்சகர்

அமெரிக்க தேசத்தில், பென்ஸில்வேனியா மாநிலத்து மலைப்பக்கச் சிற்றூர் ஒன்றில், சனிக்கிழமை காலை பத்து மணி சுமாருக்குத் துப்பாக்கிக் கடைக்குள் நுழைகிறவர்கள், சுவரில் மான்தலைகளையும், அவற்றின் கீழே வரிசையாக நிறுத்திய ரைபிள்களையும், கண்ணாடிப் பேழைக்கு அப்பால் பொறுமையே உருவான ஒரு விற்பனையாளரையும் காண்பதோடு, பேழைக்கு இப்பால் முழங்கையை ஊன்றிக்கொண்டு, கடைக்காரர்கள் வாடிக்கைக்காரர்களுக்கென்று இலவசமாக வைத்திருக்கும் காப்பியில் இரண்டாவது கோப்பையைச் சாவகாசமாகப் பருகிக்கொண்டிருக்கும் ஒரு கனவானையும் தவறாமல் காணலாம். அவர் துப்பாக்கி வாங்க வந்தவர் அல்லர். வாங்குவதற்கு முன் பரீட்சை செய்ய வந்தவர். இவ்விரண்டும் ஒரே காரியத்தின் முற்பகுதி பிற்பகுதி என்று எண்ணுவது பாமரர் வழக்கம். நம் பரீட்சகரோ முற்பகுதியிலேயே பூரண திருப்தி கண்டவர்.

வயது ஐம்பதுக்கு மேலிருக்கும். சட்டைப்பையில் ஒரு சிறு டார்ச் விளக்கு, ஓர் அளவுநாடா, விசையை இழுக்க எத்தனை பவுண்டு பலம் வேண்டும் என்று நிறுத்துப் பார்க்கும் வில்தராசு ஒன்று; இவை சகிதமாகத்தான் அவர் வீட்டைவிட்டுப் புறப்படுவார். அவர் உத்தேசித்திருப்பதோ மகா சாமானியமான வஸ்து: கைக்கு அடக்கமாக, கனமில்லாமல், .22 தோட்டா போடும் ஓர் அரைத்தானியங்கி ரைபிள், அதன் குழல்வாயில் சைலன்ஸர் மாட்டுவதற்கு மரை வெட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ரூகர் கம்பெனியார் 1964இல் வெளியிட்ட 10/22 என்னும் ரைபிள் இந்த ஜாதியில் பெயர் பெற்றது. பத்துத் தோட்டாக்கள் சுழன்று ஏறும் அதன் மேகஸின் கட்டைக்குள்ளேயே அடங்கிவிடும். 2012 முதல் அதையே இரண்டு துண்டாகக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள்ளும்படியும் செய்து விற்கிறார்கள். லட்சக்கணக்கான பேர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிப்போன சாமான் என்று விற்பனையாளர் எடுத்துச் சொன்னால், "கண்ணை மூடிக்கொண்டு வாங்கியதாகத்தான் நானும் கேள்விப்பட்டேன்" என்பார் நம்மவர்.

பரீட்சை ஆரம்பமாகும் விதத்தைப் பார்க்க வேண்டும். விற்பனையாளர் மேகஸினைக் கழற்றி, போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, தோட்டா இருக்குமிடம் காலி என்று தாமே பார்த்து, எதிரிலிருப்பவருக்கும் காட்டித்தான் ரைபிளைக் கையில் கொடுப்பார். வாங்கினவுடன் நம்மவர் குழலைத் தரைப்பக்கம் தாழ்த்திக்கொண்டு, அதே சடங்கை ஆதியோடந்தமாகத் திரும்பச் செய்வார். கண்ணால் பார்த்தது போதாதென்று சுண்டுவிரலையும் உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பார். சிரிக்க வேண்டாம். அவரைப்பற்றி நான் இங்கே எழுதப்போகிற பரிகாசமெல்லாம் இந்த ஒரு விஷயத்துக்குப் பொருந்தாது. காலி என்று பிறர் சொன்ன துப்பாக்கியையும் தாமே திறந்து பார்த்தாலன்றி நம்பாதவர் பக்கத்தில் நிற்பதற்குத்தான் நான் விரும்புவேன்.

அதன்பின் கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளில் ஏற்றி, கன்னத்தைக் கட்டையில் சார்த்தி, கண்ணைத் திறப்பார். திறந்த மாத்திரத்தில் குறி நேராகத் தெரிந்தால் கட்டை அவருக்குப் பொருத்தம். தலையை நீட்டவோ குனியவோ நேர்ந்தால் பொருத்தமில்லை. இது நல்ல சோதனைதான். ஆனால் அடக்கமான ரைபிள்களில் பலவற்றைச் சிறுவர்களுக்கும் சிறிய சரீரமுள்ளவர்களுக்கும் உத்தேசித்துச் செய்வதால், குழலோடு கட்டையையும் குறைத்துவிடுகிறார்கள். நெடிய தேகமுடைய நம் பரீட்சகர் அதைத் தோளில் ஏற்றும்போது, வலக்கைக் கட்டைவிரல் மூக்கைத் தொடுகிறது. "குழல் குட்டையாக இருக்கட்டும் என்றால், என்னையுமா குட்டையாக்க வேண்டும்?" என்று அவர் கேட்கும் கேள்விக்கு, கட்டையின் பின்னால் பொருத்தும் தகடுகள் தனியே விற்பனைக்கு இருக்கின்றன என்ற சமாதானத்தை விற்பனையாளர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

அப்புறம் குழலின் நீளம். ரைபிளின் குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தால் 1934ஆம் வருஷத்துச் சட்டப்படி அது வேறு ஜாதியாகி, மத்திய அரசாங்கத்தில் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டியதாகும். ஆகையால் அடக்கமான ரைபிள் செய்கிறவர்கள் அந்தப் பதினாறுக்கு மேல் ஒரு நூலிழை மட்டும் கூட்டி நிறுத்திவிடுவது வழக்கம். கம்பெனியார் அச்சிட்டுக் கொடுத்த அளவை நம் பரீட்சகர் நம்பமாட்டார். போல்ட்டை மூடிக்கொண்டு, துப்புரவுக் கோலைக் குழல்வாய் வழியாக உள்ளே இறக்கி, அது போல்ட்டின் முகத்தில் முட்டிய இடத்தில் நிறுத்தி, குழல்வாய் விளிம்பில் கோலின்மேல் கட்டைவிரல் நகத்தை அடையாளமாகப் பதித்து, நகத்தை அசைக்காமலே கோலை வெளியே எடுத்துக் கண்ணாடிமேல் கிடத்தி, அளவுநாடாவை விரிப்பார். விற்பனையாளரும் அருகிலிருந்த மற்றவர்களும் இதற்குள் தம்மையறியாமல் குனிந்திருப்பார்கள். கம்பெனி சொன்ன அளவே அங்கும் வரும். "அரசாங்கத்துக்குப் பயந்தவன் செய்திருக்கிறான்" என்று நற்சாட்சிப் பத்திரம் வழங்கிவிட்டு, ரைபிளைத் திரும்பவும் கையில் எடுப்பார்.

இனித்தான் அவருடைய சாஸ்திரத்தின் சிகரம். குழல்வாயில் மரையைக் காப்பதற்குத் திருகியிருக்கும் சிறு மூடியைக் கழற்றிக் கண்ணாடிமேல் வைத்து, டார்ச் வெளிச்சத்தில் மரையைப் பார்ப்பார். மணப்பாறைச் சந்தையில் மாட்டின் வாயைப் பிளந்து பல்லையும், முதுகைத் தடவிச் சுழியையும் பார்க்கிற அனுபவசாலிக்குக்கூட அவ்வளவு நேரம் பிடிக்காது. அரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 மரை; .22 ரைபிளுக்கு இதுவே வழக்கமான கணக்கு. கணக்கு சரியாயிருந்தால் போதாது. குழலின் துவாரமும் மரையும் ஒரே அச்சில் இருக்க வேண்டும்; மரை அணுப்பிரமாணம் கோணினாலும், அதில் திருகின சைலன்ஸரும் கோணி, வெளியேறுகிற குண்டு உள்ளே அடுக்கியிருக்கும் தடுப்புகளில் இடித்துக்கொண்டு போகும். சைலன்ஸருக்குக் கொடுத்த பணம் ஒரே வெடியில் போய்விடும். இதைக் கண்டுபிடிக்க, குழலுக்குள் நேர்கோல் ஒன்றை விட்டு, அது சைலன்ஸரின் வாய்க்கு மத்தியில் வருகிறதா என்று பார்ப்பார்கள். நம்மவரிடம் நேர்கோல் உண்டு, சைலன்ஸர் இல்லை. ஆகவே இந்தச் சோதனை மாத்திரம் ஒவ்வொரு சனிக்கிழமையும் பாக்கி நிற்கிறது.

சைலன்ஸர் என்று பிரஸ்தாபம் வந்தால் பிரசங்கம் வராமல் போகாது. சினிமாவில் கொலைகாரன் மாட்டிக்கொண்டு 'புஸ்' என்று சுடுகிறானே, அது சுத்தப் பொய் என்று ஆரம்பிப்பார். அந்தச் சாதனத்துக்கு 1909இல் பேடண்ட் பெற்ற ஹைரம் பெர்ஸி மாக்ஸிம் என்பவர், இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்துப் பெரும்புகழும், அந்தச் சத்தத்திலேயே இருந்து செவிட்டுத்தனமும் சம்பாதித்துக்கொண்ட மாக்ஸிமின் புதல்வர். மோட்டார்க் கார் புகைக்குழாயின் இரைச்சலை அடக்குவதும் துப்பாக்கியின் இரைச்சலை அடக்குவதும் அவருக்கு ஒரே தத்துவந்தான். (அமெரிக்காவின் அமெச்சூர் ரேடியோ சங்கத்தை 1914இல் ஸ்தாபித்தவர்களுள் முதன்மையானவரும் இவரே, தகப்பனார் போட்ட சத்தத்துக்குப் பிள்ளை செய்த பிராயச்சித்தத்தில் இதையும் சேர்ப்பதா கூடாதா என்பதை நான் தீர்மானிக்க வல்லவன் அல்லன்.) பெரிய ரைபிள்களின் வெடி 160 டெசிபலைத் தாண்டும், நல்ல சைலன்ஸர் அதில் இருபதிலிருந்து முப்பத்தைந்து வரை குறைக்கும், மிச்சமிருப்பதைச் 'சத்தமில்லை' என்று சொல்ல முடியாது, 'காது பிழைத்தது' என்று வேண்டுமானால் சொல்லலாம். இவ்வளவும் உண்மை.

இந்த உண்மைகளிலிருந்து அவர் எட்டுகிற முடிவில்தான் வேடிக்கை இருக்கிறது. துப்பாக்கியில் சத்தம் மூன்று வகை என்பார்: மருந்துப் புகை வெடித்து வெளிப்படும் சத்தம் ஒன்று, குண்டு ஒலியின் வேகத்தை மிஞ்சிப் பறப்பதால் ஆகாயத்தில் உண்டாகும் சாட்டையடிச் சத்தம் ஒன்று, போல்ட் முன்னும் பின்னும் ஓடித் தட்டுகிற சத்தம் ஒன்று. சைலன்ஸர் முதலாவதை மட்டுந்தான் கவனிக்கும். இரண்டாவதைப் போக்க மந்தமான தோட்டா போடலாம். ஆனால் மந்தமான தோட்டாவுக்குச் சில அரைத்தானியங்கிகளின் போல்ட்டை முழுதும் பின்னுக்குத் தள்ளத் திராணி இருப்பதில்லை. அதுவும் போகட்டும் என்றால், ஒலியின் வேகமே குளிரில் குறைந்துவிடுகிறது: வெயில் நாளில் வினாடிக்கு ஏறக்குறைய 1,125 அடி, நீர் உறைகிற குளிரில் 1,090க்கும் கீழே. ஆகவே 1,100 அடி வேகத்துத் தோட்டா ஆடி மாதத்தில் மௌனம் காத்து, மார்கழியில் வாயைத் திறந்துவிடும்! அணில் வேட்டையோ புரட்டாசியில் தொடங்கிக் குளிர்காலம் நெடுக நடப்பது.

"அப்படியானால், ஐயா, கையால் இழுத்துத் தள்ளுகிற போல்ட் ரைபிளை எடுத்துக்கொள்ளுங்களேன், தட்டுகிற சத்தமும் இல்லை, மந்தமான தோட்டாவும் ஓடும்" என்கிறார் விற்பனையாளர்.

"இரண்டாவது குண்டுக்கு நான் கையை ஆட்டி முடிக்கிறவரை அணில் உட்கார்ந்திருக்குமா?"

அணிலின் மனோபாவத்தைப்பற்றி இவ்வளவு தெரிந்தவரை மேற்கொண்டு என்ன கேட்பது?

உள்ளதைச் சொன்னால், அவருக்கு விரோதியாக வாய்த்தது அரசாங்கம். முற்காலத்தில் பென்ஸில்வேனியாவில் அரைத்தானியங்கி ரைபிளை எந்த வேட்டைக்கும் கொண்டுபோகக் கூடாது என்று விதி இருந்தது. அது அவருக்குப் பெரிய ஆதாரமாக இருந்தது. 2017இல் மான் முதலிய பெரிய வேட்டைக்கு மட்டும் தடையை வைத்துக்கொண்டு, அணில் முயல் முதலிய சிறு வேட்டைக்கு .22க்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். சரி, சைலன்ஸருக்கு 200 டாலர் வரி இருக்கிறதே என்று ஆறுதலடைந்தார். அது 1934இல் யாரும் வாங்கத் துணியக் கூடாதென்றே வைத்த வரி. தொண்ணூறு வருஷம் காசு கூடாமலும் குறையாமலும் நின்றது. "வரி போகட்டும், வாங்குகிறேன்" என்று அவர் கடையில் பலர் கேட்கச் சொல்லியிருந்தார். விண்ணப்பம் கொடுத்தால் அனுமதி வர ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும் என்பது மற்றோர் அரண். 2024இல் அது நாட்கணக்காகச் சுருங்கிப்போயிற்று. கடைசியாக, 2026 ஜனவரி 1ஆம் தேதி முதல் சைலன்ஸருக்கு வரி பூஜ்யம் என்றாகிவிட்டது. புகைப்படமும் கைரேகையும் பதிவும் இன்னும் உண்டு. ஆனால் அவற்றை ஆட்சேபமாகச் சொல்லும் அளவுக்கு அவர் தாழ்ந்தவர் அல்லர். விற்பனையாளர் முகமலர்ந்து இந்தச் செய்தியைச் சொன்ன சனிக்கிழமையன்று, பரீட்சகர் காப்பியைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் மான்தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வரி போய்விட்டதென்றால் ஊரிலுள்ளவனெல்லாம் விண்ணப்பம் போடுவான், அந்தக் கூட்டம் ஓயட்டும்" என்றார். கடையில் எல்லாருக்கும் மூச்சு வந்தது.

இவ்வளவு எழுதினபின் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அநீதியாகும். தோட்டத்தைச் செடி செடியாக நாசம் செய்யும் கிரவுண்ட்ஹாக் என்னும் வளைவாழ் பிராணியோ முயலோ கொடுக்கும் உபத்திரவம் தாங்காமல் ஒரு .22 வாங்க வந்த பண்ணைவீட்டு அம்மாள் ஒருவர், சுவர்முழுதும் நிற்கிற ரைபிள்களைப் பார்த்து மலைத்து நின்றால், விற்பனையாளர் வாயைத் திறப்பதற்குள் நம்மவர் அங்கே போய்விடுவார். அம்மாளின் கை நீளத்தைப் பார்த்துக் குட்டையான கட்டையுள்ள ரைபிளை எடுத்துக் கொடுக்கச் சொல்வார். தமக்கு மூக்கில் இடித்த அதே ரைபிள் அம்மாளுக்கு அளவெடுத்துச் செய்ததாக இருக்கும். மரை இருப்பதும் நல்லதே, இன்றைக்கு வேண்டாவிட்டாலும் நாளைக்கு உதவும், மூடியை மட்டும் தொலைத்துவிடாதீர்கள் என்பார். ஒரே ஜாதித் தோட்டாவைப் பெட்டி பெட்டியாக வாங்காமல், மூன்று நான்கு தினுசில் ஐம்பது தோட்டாப் பெட்டி ஒவ்வொன்று வாங்கிச் சுட்டுப் பார்த்து, எது அந்த ரைபிளுக்குப் பிடிக்கிறதோ அதையே வைத்துக்கொள்ளும்படி யோசனை சொல்வார். எல்லாம் சரியான யோசனை. அம்மாள் 4473 என்னும் பாரத்தைப் பூர்த்தி செய்து, மாநிலப் போலீஸின் உடனடிச் சோதனையும் முடிந்து, ரைபிளோடு வெளியேறும்போது, கதவைத் திறந்துவிடுகிறவரும் அவரே. கடைக்காரர் அவருக்குக் காப்பி தருவதில் நஷ்டமொன்றும் இல்லை.

அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமையன்று அவரும் வெறுங்கையோடு போகவில்லை. மரைமூடி ஒன்று வாங்கிக்கொண்டு போனார். தொலைந்துபோனால் உதவும் என்றார்.

ஆகவே, அந்தப் பக்கத்தில் குடியிருந்து, சட்டப்படி தகுதியும் பெற்று, ஒரு ரைபிள் வாங்க நினைக்கிற வாசகர்கள், சனிக்கிழமையாகப் பார்த்துப் போய், முழங்கையை ஊன்றி நிற்கும் அவரிடமே யோசனை கேட்கலாம். கட்டையைப்பற்றிக் கேளுங்கள், மரையைப்பற்றிக் கேளுங்கள், தோட்டாவைப்பற்றிக் கேளுங்கள். அவர் எப்போது வாங்கப்போகிறார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மாலை ஐந்து மணிக்குக் கடையைச் சாத்திவிடுகிறார்கள்.