துப்பாக்கி வீட்டு மாமா

கிளியனூர் டீக்கடையில் 'மான்' என்ற பேச்சைக் கொஞ்சம் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். பெஞ்சின் அந்தக் கோடியில் துப்பாக்கி வீட்டு மாமா உட்கார்ந்திருப்பார். மான் வேட்டை வழக்கில் சல்மான் கானுக்கு 2018-இல் ஜோத்பூர் நீதிமன்றம் 5 ஆண்டு தண்டனை விதித்தபோது, ஜாமீன் கிடைக்குமா, பாதியில் நிற்கும் படங்கள் என்ன ஆகும் என்று கடையே அலசிக்கொண்டிருந்தது. மாமாவின் கவலை வேறு. "அதெல்லாம் கெடக்கட்டும்டா. இன்னா தோட்டான்னு ஒரு பேப்பர்காரனாவது எழுதுறானா பாரு!"

இப்படி ஒரு மாமா உங்கள் ஊரிலும் இருப்பார். தாத்தா சுட்ட துப்பாக்கி, அப்பா துடைத்த துப்பாக்கி, இவர் பேசுகிற துப்பாக்கி. பத்திரிகை வைக்க வருகிறவர்கள் கதவு எண் கேட்பதில்லை. 'துப்பாக்கி வீடு' என்றால் ஆட்டோக்காரர் வாசலிலேயே இறக்கிவிடுவார்.

வங்காளத்து ஈஷாப்பூர் அரசு ஆலையில் செய்த .315 ரைஃபிள் அது. ஐந்து தோட்டா கொள்ளும். போலீஸ்காரர் தோளில் நெடுங்காலம் தொங்கிய .303-க்குப் பங்காளி முறை. ராணுவத் தோட்டா என்பதால் .303 பொதுமக்களுக்குத் தடை. லைசென்ஸ்காரர்களுக்கென்று வந்ததுதான் இந்த .315. "அவங்களுது முன்னூத்தி மூணு, நம்மளுது முன்னூத்திப் பதினஞ்சு. எது பெருசு, நீயே சொல்லு" என்பார். கணக்கில் பிழை சொல்ல முடியாது.

மானுக்கு எந்தத் தோட்டா என்று ஆரம்பித்தாரானால் டீ ஆறிவிடும். முனை வரைக்கும் உலோக உறை போட்ட தோட்டா, உடம்பைத் துளைத்து மறுபக்கம் வெளியேறி, பின்னால் யாருடைய மாட்டையாவது தேடிப்போகும். மான் அடிபட்டபடியே ஓடி, எங்கோ புதரில் கிடந்து சாகும். அது பாவம். மூக்கில் ஈயம் தெரிகிற 'சாஃப்ட் நோஸ்' உள்ளே போனதும் விரிந்து அங்கேயே வேலையை முடித்துவிடும். எடை 244 கிரெய்ன். மரக்காணம் உப்பளத்தில் வேலை முடித்து வந்த பையன் ஒருவன், "அது எவ்ளோ மாமா?" என்றான்.

"கிட்டத்தட்ட ரெண்டு சவரன்டா."

சவரன் விலை தெரிந்த பெஞ்சு உச்சுக்கொட்டியது.

அங்கிருந்து குமாவுன் மலைக்குத் தாவுவார்: ஜிம் கார்பெட்டின் .275 ரிக்பி. இறங்கி சேலம், தருமபுரிக் காட்டுக்கு வருவார்: கென்னத் ஆண்டர்சனின் .405 வின்செஸ்டர். இரண்டு வேட்டைக்காரர்களும் பக்கத்துத் தெருக்காரர்கள் என்பதுபோலத்தான் பேச்சு. "ஆண்டர்சன் மட்டும் நம்ம .315-ஐ எடுத்திருந்தா..." என்று நிறுத்தி, பீடி பற்றவைத்து, முடிக்காமலே விட்டுவிடுவார்.

இத்தனை ஆராய்ச்சிக்கும் ஆதாரமாகப் பீரோவில் இருப்பது ஒரு பழைய பிஸ்கட் டப்பா. திறந்தால், அப்பா காலத்தில் வாங்கியதில் மிச்சமான பதினொரு தோட்டா. அடியில் 'கே.எஃப். 8 எம்எம்' என்று பொறித்திருக்கும், கே.எஃப். என்றால் புனே பக்கத்துக் கிர்க்கி ஆலை. கிழக்கே கடல், உப்பளம், கழுவெளிச் சதுப்புநிலம். அந்தக் காற்று பீரோவுக்குள்ளும் புகுந்து பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றிவிடும். மாமா ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய வேட்டித் துணியால் துடைப்பார். குழலுக்குத் தேங்காயெண்ணெய் ஆகாது, பிசுக்கேறும். தையல் மெஷின் எண்ணெய்தான் சரி. அத்தை ஒருமுறை சொன்னார்: "மெஷினு கிறீச்சு கிறீச்சுங்குது. துப்பாக்கி மட்டும் வழவழன்னு இருக்குது."

மானைச் சுடக் கூடாது என்பது மாமாவுக்குத் தெரியாததல்ல. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மிச்சமிருந்த ஓட்டையையும் 1991 திருத்தம் அடைத்துவிட்டது. தாத்தா வாத்து சுட்டதாகச் சொல்லும் கழுவெளியும் 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயம் ஆகிவிட்டது. சட்டத்தை அவர் ஒருநாளும் மீறியதில்லை, மீறுகிற ஆளும் அல்ல. கோழி அறுக்கும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஆனால் லைசென்ஸ் உயிரோடிருக்க வேண்டும். முன்பு 3 ஆண்டு, 2019 திருத்தத்துக்குப் பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். இஸ்திரி போட்ட சட்டையோடு விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்குக் கிளம்புவார். அன்றைக்கு அவர் நடையே தனி. தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். துண்டில் சுற்றிக் கைக்குழந்தைபோல ஏந்திப் போவார். அங்கே எழுதுகிறவர் "தோட்டா?" என்று கேட்டால், "சாஃப்ட் நோஸ். ஏன்னா மானுக்கு வந்து..." என்று தொடங்குவார். "எத்தனைங்க?" என்பார் அவர், தலையைத் தூக்காமல்.

எழுபது வயதானால் வாரிசுக்கு மாற்ற மனுப்போடலாம் என்று விதி இருக்கிறது. பையன் ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை. "கடையில குடுத்துட்டு வர்ற காசுல இன்வெர்ட்டர் வாங்குப்பா" என்றான். மூன்று நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

2025 ஜனவரியில் காட்டுப்பன்றி அறிவிப்பு வந்தது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழித்தால் சுடலாம். மாமா 'சுடலாம்' வரைக்கும் படித்தார். பேப்பரை மடித்தார். எண்ணெய்ப் புட்டி தேட வீட்டுக்குப் போய்விட்டார். சுடுவது பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள்தான் என்ற அடுத்த வரியை மச்சான் மகன் பின்னாலேயே ஓடிப்போய்ப் படித்துக்காட்ட வேண்டியிருந்தது.

கடைசியில் அவருடைய மல்லாட்டைக் கொல்லையிலேயே பன்றி இறங்கியது. ஊரில் எல்லாரும் செய்வதுபோல அவரும் வெடி வாங்கப் போனார். கடைக்காரர் லட்சுமி வெடியை எடுத்து வைத்தார். மாமா அதைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

"இது சத்தம் பரவும். அணுகுண்டு ஒரே எடத்துல எறங்கும். பன்னிக்குக் காது சின்னது, கவனி. தூரம் ஒரு நாப்பது அடின்னு வெச்சிக்குவோம், காத்து கெழக்கேருந்து..."

பின்னால் ஐந்து பேர் நின்றார்கள். கடைக்காரர் இரண்டிலும் ஒரு பெட்டி போட்டுக் கட்டி, "ரெண்டையும் வெடிச்சிப் பாத்துட்டு வந்து சொல்லு மாமா" என்று அனுப்பிவைத்தார்.