தொடுகறி இயலில் ஒரு புதிய சிக்கல்: காலிஃபிளவர் மசியலை முன்வைத்து

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனை முடிவு வீட்டுக்குள் நுழைந்த அன்றே உருளைக்கிழங்குக் கூடை காலியாகிவிடும் என்பது இவ்வாய்வின் அடிப்படைத் தரவு. 2023இல் வெளிவந்த ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. அத்தனை பேர் வீட்டிலும் கிழங்கு குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. சோற்றை யாரும் சாட்சியாகக்கூடக் கூப்பிடவில்லை. கிழங்கு காலி செய்த இடத்துக்குக் குடிவந்திருப்பது காலிஃபிளவர் மசியல். அது அங்கே என்ன செய்கிறது என்பதே நம் ஆய்வுப் பொருள்.

இத்துறையின் மூலவர் லண்டன்காரரான வில்லியம் பான்டிங். பெரிய மனிதர்களின் இறுதிச் சடங்குகளை ஏற்று நடத்தும் தொழிலில் இருந்தவர். பெட்டியின் அகலம் அறிந்தவர் என்பதால் உடல் பருமனைப் பற்றி அவர் கவலைப்பட்டது நியாயமே. ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விலக்கி உடம்பு இளைத்து, அந்தக் கதையை 1863இல் சிறு நூலாக வெளியிட்டார். எண்பது வயதைத் தாண்டி வாழ்ந்தும் காட்டினார். 1972இல் அமெரிக்க மருத்துவர் அட்கின்ஸ் அதே வழியில் வேறொரு நூலை எழுதிப் புகழடைந்தார். பான்டிங் விரட்டிய வெண்ணெய் இன்றைய மசியலில் கரண்டி கரண்டியாக விழுகிறது. இம்முரண்பாட்டை ஆய்வுலகம் ருசி கருதி மன்னித்துவிட்டது.

அடுத்துத் தாவரவியல். முட்டைக்கோசு, நூல்கோல், புரோக்கோலி, காலிஃபிளவர் நான்கும் ஒரே இனம், வளர்ப்பில்தான் வேறுபாடு. காலிஃபிளவரில் நாம் தின்பது பூவும் அல்ல. பூவாக முயன்று, முடியாமல், தண்டாகவே கிளைத்துக் கிளைத்து நின்றுபோன மொட்டுக் கூட்டம் என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2021இல் ‘சயின்ஸ்’ இதழில் விளக்கியிருக்கிறார்கள். சொந்தச் செடியிலேயே பூவாக முடியாத ஒன்றை, கொஞ்சம் மிளகு தூவி, உருளைக்கிழங்காக ஆகச் சொல்கிறோம்.

ஆகுமா? 100 கிராம் உருளையில் சுமார் 17 கிராம் மாவுப்பொருள். அதே அளவு காலிஃபிளவரில் சுமார் 5 கிராம், அதிலும் 2 கிராம் நார்ச்சத்து. இதுவரை வெற்றி. ஆனால் காலிஃபிளவரில் 92 விழுக்காடு தண்ணீர். உருளையிலும் தண்ணீர் ஏராளம்தான். வேகும்போது அதன் ஸ்டார்ச்சு அந்தத் தண்ணீரைக் குடித்து உப்பிக்கொண்டு, வெளியே விடாமல் வைத்துக்கொள்ளும். காலிஃபிளவரிடம் அப்படிப் பிடித்து வைக்க ஆளில்லை. அதனால்தான் பரிமாறிய ஐந்தாம் நிமிடம் மசியலைச் சுற்றித் தட்டில் ஒரு குளம் கட்டுகிறது. பக்கத்திலிருக்கும் அப்பளம் அதில் நனைந்தால் குடும்பத்தில் எழும் சச்சரவு தனி ஆய்வுக்குரியது.

ஆகவே செய்முறை என்பது முழுக்க முழுக்க நீர் மேலாண்மை. பூவைப் பிரித்து, உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீரில் சிறிது நேரம் கிடத்த வேண்டும். இதில் மிதந்து வரும் பச்சைப் புழு, மாவுச்சத்து அறவே இல்லாதது என்றாலும், ஆய்விலிருந்து நீக்கப்படுகிறது. பிறகு தண்ணீரில் போட்டு வேகவிடுவது பிழையான மரபு; ஏற்கெனவே ஈரத்தில் ஊறியதற்கு இன்னும் நீராட்டு எதற்கு? இட்லிப் பானைத் தட்டில் வைத்து ஆவியில் வேகவிடுவதே முறை. கத்தி தடையின்றி இறங்கியதும் எடுத்துவிட வேண்டும். வேகும் நேரம் நீள நீளக் கந்தக வாடை கிளம்பி எதிர்வீடு வரை விசாரிக்கும். வெந்ததை இட்லித் துணியில் மூட்டையாகக் கட்டி, சூடு பொறுக்கும் அளவு ஆறியதும் முறுக்கிப் பிழிந்தால் வடியும் நீரின் அளவு எந்த ஆய்வாளரையும் நெகிழவைக்கும். பிழிந்ததை வெறும் வாணலியில் சிறு தீயில் இரண்டு நிமிடம் புரட்டினால் மிச்ச ஈரமும் ஆவியாகும். அதன் பின்னரே வெண்ணெய், உப்பு, மிளகு, நெய்யில் வதக்கிய பூண்டு.

மத்தா, மிக்ஸியா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. உருளையை மிக்ஸியில் ஓட்டினால் ஸ்டார்ச்சு வெளிப்பட்டுச் சுவரொட்டி ஒட்டும் பசையாகிவிடும். காலிஃபிளவரில் அந்த ஆபத்தே இல்லை. ஓட்ட ஓட்ட வழவழப்பு கூடும். நான் மத்துக் கட்சி. அங்கங்கே ஒரு பூத்துண்டு பல்லில் அகப்பட்டால்தான் தின்பது காய் என்ற ஞாபகம் இருக்கும்.

மத்து என்றதும் நம் மரபு எழுந்து நின்று கேட்கும்: கீரைக் கடைசலும் கொங்கு நாட்டுக் கத்திரிக்காய்க் கடைசலும் இத்தனை காலம் என்ன செய்துகொண்டிருந்தன? மாவுச்சத்து குறைந்த மசியல்கள்தாம் அவையும். ஆனால் அவை யாருடைய வேடத்தையும் போட்டதில்லை. கத்திரிக்காயைத் தின்றவர் எவருக்கும் உருளை மாதிரியே இருக்கிறது என்று பாராட்ட நேர்ந்ததில்லை.

இனி மையச் சிக்கலுக்கு வருவோம். உருளை மசியல் மேல்நாட்டுத் தட்டில் இறைச்சிக்குப் பக்கத்தில் உட்காருகிறது. அந்தத் தட்டின் சோறே அதுதான். அங்கே கிழங்கை எடுத்துவிட்டுக் காலிஃபிளவரை வைத்தால் சோற்றையே எடுத்ததற்குச் சமம். நம் தட்டிலோ உருளை சோற்றுக்குத் தொடுகறி. 100 கிராம் உருளைக்குப் பதில் காலிஃபிளவர் வைத்தால் மிச்சப்படுவது 12 கிராம் மாவுப்பொருள். வெந்த சோறு 100 கிராமில் அது 28 கிராம். குவித்துப் போட்ட சோறு 300 கிராம் தேறினால் 84. கொல்லைப்புறத்தில் 12 கிராமை மடக்கிப் பிடித்துவிட்டு, தலைவாசல் வழியாக 84 கிராமை மாலை போட்டு அழைத்து வருகிறோம். உடம்புக்கு நல்லதுதானே என்று மசியலோடு இன்னொரு பிடி சோறு உள்ளே போனால், சேமித்த 12உம் போயிற்று.

தர்க்கப்படி தீர்வு எளிது: சோற்றை அகற்றி, மசியலைச் சோற்றின் இடத்தில் ஏற்றி, பக்கத்தில் வறுத்த மீனோ முட்டைப் பொரியலோ வைக்க வேண்டும். கருதுகோளைக் களத்தில் சோதிப்பதற்காக, வயதான ஒரு மாமனார் முன்னால் தட்டு நிறைய மசியல் மட்டும் வைக்கப்பட்டது. அவர் மறுப்பு எதுவும் சொல்லவில்லை. ஒரு வாய் எடுத்துப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். அப்புறம் நிமிர்ந்து மருமகளைப் பார்த்தார்.

“சரிம்மா, இதுக்குத் தொட்டுக்க என்ன?”